வெட்டினாலும் திரும்பி வளரும் தழும்பு: கெலாய்டு ஏன் வருகிறது, எப்படி அடங்கும்?

கேள்வி: நாங்கள் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். என் மூத்த மகளுக்கு 19 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம், எந்தத் தொந்தரவும் வரவில்லை. 17 வயதில் தோழிகளோடு போய்க் காதின் மேல் பக்கம் இன்னொரு துளை போட்டுக்கொண்டாள். நாலைந்து மாதம் கழித்து அங்கே சின்ன மேடு வந்தது. பட்டாணி அளவு ஆனதும் ஓர் இடத்தில் வெட்டி எடுத்தோம். ஆறே மாதத்தில் கொட்டைப்பாக்கைவிடப் பெரிதாக மறுபடி வளர்ந்துவிட்டது. ராத்திரியில் அரிக்கிறது என்கிறாள். அவள் அப்பா வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்பவர். அவருக்கும் நெஞ்சு நடுவில், பரு வந்த இடத்தில், தடித்த தழும்பு இருக்கிறது. இது கேன்சரா? ஒட்டிக்கொள்ளுமா? மறுபடி வெட்டலாமா? சின்னவளுக்கு 4 வயது, இன்னும் காது குத்தவில்லை. குத்தலாமா?

பதில்:

அம்மா, நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. துளை போட்டுச் சில மாதம் கழித்து வந்திருக்கிறது. வெட்டியதும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பியிருக்கிறது. அப்பாவுக்கும் நெஞ்சில் இருக்கிறது. சேலத்தில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இதைப் படித்ததும் கெலாய்டு என்றுதான் படுகிறது. நேரில் ஒரு தோல் மருத்துவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்யட்டும். கெலாய்டு கேன்சர் இல்லை, அது யாருக்கும் ஒட்டாது. இன்னொரு முறை வெறுமனே வெட்டி எடுப்பதற்கு மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தோலில் காயம் பட்டால் உடம்பு அதை மூன்று கட்டமாகச் சரிசெய்கிறது. முதல் சில நாள் ரத்தம் உறையும், இடம் வீங்கிச் சிவக்கும், அழுக்கும் கிருமியும் வெளியேற்றப்படும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் காயத்துக்குள் வந்து, கொலாஜன் என்ற புரத இழைகளை உண்டாக்கி இடைவெளியை அடைக்கும். அப்புறம் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், அவசரத்தில் போட்ட அந்த இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஒழுங்காக அடுக்கும் வேலை நடக்கும். புதுத் தழும்பு சிவந்து தடித்திருப்பதும், நாளாக ஆக வெளுத்து மெலிவதும் இதனால்தான்.

கெலாய்டில் இரண்டாவது கட்டம் முடிவதே இல்லை. துணி நெய்து முடிந்த பிறகும் யாரும் நிறுத்தாமல் விட்ட தறி போல, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கொலாஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. இயல்பான தோலில் நடப்பதைவிடச் சுமார் 20 மடங்கு கொலாஜன் அங்கே உற்பத்தியாகிறது. கரைக்கும் வேலை அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. செல்களை இப்படித் தூண்டுவதில் டி.ஜி.எஃப். பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே ஓயாமல் ஓர் அழற்சியும் இருந்துகொண்டே இருக்கிறது. உங்கள் மகளுக்கு அரிப்பதும், சிலருக்கு சுருக்கென்று குத்தி வலிப்பதும், தொட்டால் அந்த இடம் லேசாகச் சூடாகத் தெரிவதும் அதனால்தான். அரிப்பு இருக்கும் கெலாய்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கெலாய்டு என்றே நான் எடுத்துக்கொள்வேன். பல வருடமாக அளவு மாறாமல், அரிக்காமல், வெளுத்துக் கிடப்பது பெரும்பாலும் அடங்கிப்போன ஒன்று.

தடித்த தழும்பெல்லாம் கெலாய்டு இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் மருத்துவமும் எதிர்பார்ப்பும் இதைப் பொறுத்தே மாறும். காயம் ஆறிய ஒன்றிரண்டு மாதத்துக்குள்ளேயே தழும்பு தடித்து மேலெழுந்து, ஆனால் காயம் இருந்த எல்லையைத் தாண்டாமல் நின்றால், அது வேறு வகை. மிகைத் தழும்பு என்று சொல்லலாம். தீக்காயத்துக்குப் பிறகும், மூட்டுக்கு மேல் தையல் போட்ட இடத்திலும், சிசேரியன் தழும்பிலும் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். அது தானாகவே ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் ஓரளவு அமுங்கும். கெலாய்டின் குணம் வேறு. காயம் நன்றாக ஆறி, எல்லாம் முடிந்தது என்று நாம் மறந்த பிறகு, மூன்று மாதம் கழித்தோ ஒரு வருடம் கழித்தோ அது தலைகாட்டும். ஊசி முனை அளவு துளையிலிருந்து கிளம்பிப் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலுக்குள்ளும் பரவும். மேற்பரப்பு வழவழப்பாக, முடி இல்லாமல், பளபளவென்று இருக்கும். முதலில் இளஞ்சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருந்து, அப்புறம் சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்துப்போவது நம் மாதிரி நிறத்தவர்களிடம் வழக்கம். தொட்டால் ரப்பர் மாதிரி கெட்டியாக இருக்கும். தானாகப் போகவே போகாது. உங்கள் மகளுக்கு வந்தது நாலைந்து மாதம் கழித்து, அதுவும் துளையைப் போலப் பல மடங்கு பெரிதாக. இதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

சரி, ஏன் இவளுக்கு மட்டும்? கூடப் போன தோழிகளும் அதே இடத்தில்தானே துளை போட்டுக்கொண்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: பிறவியிலேயே உடம்பில் அந்தத் தன்மை, அதற்கு ஏற்ற வயது, அதற்கு ஏற்ற இடம். காயம் என்பது வெறும் தூண்டுதல்தான்.

தன்மை பரம்பரையாக வருவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்பதில்லை, வந்தாலும் ஒரே அளவில் இருக்காது. ஒரே ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்டி இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2010இல் ஜப்பானியர்களிடம் நடந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, கெலாய்டோடு தொடர்புள்ள சில இடங்களைக் குரோமோசோம்களில் கண்டுபிடித்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து இந்தத் தன்மையைத் தருகின்றன என்பதே இப்போதைய புரிதல். நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. எந்த நிறத்தவருக்கும் வரலாம் என்றாலும், வெள்ளைத் தோல்காரர்களைவிடக் கறுத்த தோல்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆப்பிரிக்க வம்சாவளியினர் முதலிடம், நம்மைப் போன்ற ஆசியர்களும் அந்த வரிசையில்தான் இருக்கிறோம்.

வயது என்றால் பெரும்பாலும் 10 முதல் 30 வரை. பருவ வயதில் புதிதாகத் தோன்றுவது அதிகம், கர்ப்ப காலத்தில் ஏற்கெனவே இருப்பது வேகமாக வளரும். அதனால் ஹார்மோன்களுக்கு இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறோம். கைக்குழந்தையில் குத்திய துளை அப்படியே இருக்க, 17 வயதில் போட்ட துளை மட்டும் இப்படி ஆனதற்கு இதுவே முக்கியக் காரணம். காது குத்தி கெலாய்டு வந்தவர்களை ஆராய்ந்தபோதும், 11 வயதுக்கு முன் குத்திக்கொண்டவர்களைவிட அதற்குப் பின் குத்திக்கொண்டவர்களுக்கே இது கூடுதலாக வந்திருப்பது தெரிந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குழந்தையாக இருக்கும்போதே காது குத்தும் நம் ஊர் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகவே அமைந்திருக்கிறது.

இனி இடம். காது, தோள், நெஞ்சு நடு, முதுகின் மேற்பகுதி, தாடை ஓரம். கெலாய்டு விரும்பி வருவது இங்கெல்லாம்தான். உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையில் ஏறக்குறைய வருவதே இல்லை. உங்கள் கணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலுசுப் பட்டறையில் ஊதுகுழல் வைத்துப் பற்றவைப்பவர்களுக்கு முன்கையிலும் விரலிலும் சுடுவது சகஜம். அவர் கையைப் பார்த்தால் பழைய சூட்டுத் தழும்புகள் தட்டையாக ஆறிப்போய்க் கிடக்கும் என்று நினைக்கிறேன். நெஞ்சில் வந்த ஒரு சின்னப் பரு மட்டும் வருடக்கணக்காக வளர்ந்திருக்கிறது. உடம்பு ஒன்றுதான், தன்மையும் ஒன்றுதான், ஆனால் இடம் வேறு. நெஞ்சு நடுவில் இருக்கும் தோலை, கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும், மார்புத் தசைகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. இழுபடும் காயத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அடங்குவதில்லை. நெஞ்சில் வரும் கெலாய்டு மேலும் கீழுமாக வளராமல் இடமும் வலமுமாக நீண்டு, நண்டு கால் விரித்தது மாதிரி இருப்பதும் இந்த இழுவையின் திசையால்தான். கண் இமையில் அந்த இழுவை இல்லை, அதனால் கெலாய்டும் இல்லை. காது மடல் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அங்கே இழுவை இல்லாவிட்டாலும் வருகிறது. துளை வழியாகத் தோல் உள்ளே மடங்குவது, கம்மல் உறுத்துவது, சீழ் பிடிப்பது எல்லாம் சேர்ந்து அழற்சியை ஆறவிடாமல் வைத்திருப்பது அங்கே காரணமாகலாம். மேல் காதில் குருத்தெலும்பைத் துளைக்கும்போது காயம் ஆற இன்னும் தாமதமாகும், சீழ் பிடித்தால் இன்னும் மோசம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் காலில் முள் கீறியதும் அட்டை கடித்ததுமாக எத்தனையோ தழும்புகள் இருக்கும். அவற்றில் கெலாய்டு ஆனதைப் பார்ப்பது அபூர்வம். அதே பெண்களில் சிலருக்கு இடது தோளில், பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு விரலால் நெருடும் அளவுக்குத் தடித்திருக்கும். நான் யாருக்குக் கெலாய்டு தன்மை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். உங்கள் இரண்டு பிள்ளைகளின் தோளையும் பாருங்கள். தழும்பு தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் பயமே இல்லை என்று அர்த்தமாகாது, ஆனால் பட்டாணி மாதிரி எழும்பியிருந்தால் அது எச்சரிக்கை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி ஊர் முழுக்க நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். நாக்கில் அலகு குத்திக்கொள்பவர்களுக்குக் கெலாய்டு பயம் கிட்டத்தட்ட இல்லை, வாயின் உட்பகுதியில் அது வருவது மிக மிக அரிது. முதுகில் கொக்கி மாட்டிக்கொள்வது அப்படி இல்லை. மேல் முதுகு கெலாய்டுக்கு உகந்த இடம், கொக்கி இழுக்கவும் செய்யும். உங்கள் வீட்டில் யாராவது அப்படி வேண்டிக்கொண்டிருந்தால் தீச்சட்டியோ பால்குடமோ எடுப்பதாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நெஞ்சிலும் தோளிலும் டாட்டூ போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டதால் கெலாய்டு வருவதில்லை, நிறுத்தினால் போவதும் இல்லை. அந்தப் பிள்ளையை வாய்க்கு ருசியாகச் சாப்பிட விடுங்கள்.

கேன்சர் பயத்துக்கு வருகிறேன். 1806இல் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் அலிபேர்கூட முதலில் இதைப் புற்றுநோயை ஒட்டிய பெயரில்தான் குறிப்பிட்டார், பிறகு அது இல்லை என்று தெளிந்து பெயரையே மாற்றினார். எல்லையைத் தாண்டி வளர்கிறது, வெட்டினால் திரும்புகிறது என்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் கெலாய்டு தோலைவிட்டு வேறு உறுப்புக்குப் போகாது, நெறி கட்டாது, ரத்தத்தில் பரவாது, உயிருக்கு ஆபத்து தராது. அது தருவது அரிப்பு, வலி, மூட்டுப் பக்கம் வந்தால் அசைவுக்குத் தடை. எல்லாவற்றையும்விட மனக்கஷ்டம். முடியை இழுத்துவிட்டுக் காதை மறைத்துக்கொண்டே கல்லூரிக்குப் போகும் பெண்களைப் பார்க்கிறேன். அழகுப் பிரச்சினைதானே, விட்டுத்தள்ளு என்று வீட்டில் சொல்வது நியாயமே இல்லை.

ஆனால் கெலாய்டு போலவே தெரிகிற வேறு சிலவும் உண்டு, அதனால்தான் நேரில் காட்டச் சொல்கிறேன். மூக்குத்தி ஓரத்தில் சில வாரத்திலேயே சிவந்து, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசியும் சின்ன உருண்டை பெரும்பாலும் கெலாய்டு இல்லை. அது வேறு வகைச் சதை வளர்ச்சி, எளிதில் சரியாகிவிடும். காது மடலுக்குள் உருளும் கட்டி, நடுவில் கரும்புள்ளியோடு இருந்தால் அது கொழுப்புக் கட்டி என்று நாம் சொல்வது. துளையே இல்லாத இடத்தில், இரண்டு காதும் தடித்து, வலியோ அரிப்போ இல்லாமல் முண்டு முண்டாக இருந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். நம் ஊரில் அது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, சரியான மருந்தால் முழுமையாகக் குணமாகும். நெஞ்சிலோ தோளிலோ எந்தக் காயமும் இல்லாமல் கல் மாதிரிக் கெட்டியாக வளர்ந்துகொண்டே போகும் மேடு, புண்ணாகி ரத்தம் வரும் மேடு, இவற்றில் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிப்பதே சரி. கெலாய்டு போலத் தெரியும் ஓர் அரிய தோல் புற்று உண்டு. உங்கள் மகளின் கதையில் இதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை.

இப்போது வெட்டுவது பற்றி. வெட்டுவதும் ஒரு காயம்தான். துளை போட்ட ஊசி முனைக் காயத்துக்கே அப்படி வளர்ந்த தோலில், கத்தி வைத்துப் பல மில்லிமீட்டர் நீளத்துக்குக் காயம் உண்டாக்கித் தையலும் போட்டால் என்ன ஆகும்? அதே செல்கள், அதே தூண்டுதல், இந்த முறை இன்னும் பெரிய இடத்தில். வேறு எந்தச் சிகிச்சையும் சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்த கெலாய்டுகளில் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்பி வந்ததாக மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பலருக்கு முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும். உங்கள் மகளுக்கு நடந்ததும் இதுதான். வெட்டுவதற்கு முன் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம்.

முதல் சிகிச்சை கெலாய்டுக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசி. ட்ரையாம்சினோலோன் என்ற மருந்து, பழைய மருந்து, விலையும் குறைவு. ஒரு மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி. வரை, கெலாய்டின் தடிமனைப் பார்த்து அளவு வைப்போம். 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, பல மாதங்கள். முதல் ஊசி கஷ்டமாக இருக்கும். கெலாய்டு கெட்டியாக இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவே மறுக்கும், வலிக்கும். மரத்துப்போகும் மருந்து கலந்து போடலாம், கேளுங்கள். அரிப்பு முதலில் குறையும், பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஊசியிலேயே. மேடு அமுங்குவது அதற்கு அப்புறம், மெதுவாக. இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, ஊசி போட்டுக்கொண்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். பாதி அமுங்கியதும், போதும் என்று நின்றுவிடுவார்கள். மிச்சமிருக்கும் பாதி மறுபடி வளரும். நீங்கள் கன்னங்குறிச்சியில்தான் இருக்கிறீர்கள், தயவுசெய்து இடையில் நிறுத்தாதீர்கள்.

ஊசிக்குப் பக்க விளைவுகள் உண்டு. அந்த இடத்தைச் சுற்றித் தோல் மெலிந்து குழியலாம், வெளுக்கலாம், சின்ன ரத்தக் குழாய்கள் தெரியலாம். வெளுப்பு பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும். சில பெண்களுக்கு அந்த மாதம் மாதவிடாய் முன்பின்னாகும், பயப்பட வேண்டாம். உங்கள் கணவரும் தன் நெஞ்சுக் கெலாய்டுக்கு ஊசி போட நினைத்தால், சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், ஊசி போட்ட சில நாளுக்குச் சர்க்கரை ஏறலாம். ஸ்டீராய்டு மட்டும் போதாதபோது 5-ஃப்ளோரோயூராசில் என்ற மருந்தையும் அதோடு சேர்த்துப் போடுவோம். அது செல்கள் பெருகுவதைத் தடுக்கும் மருந்து, கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. திரவ நைட்ரஜன் வைத்துக் கெலாய்டை உறையவைக்கும் முறையும் உண்டு. உறையவைத்து, அது இளகியதும் ஊசி போட்டால் மருந்து சுலபமாக இறங்கும். நம் நிறத்தில் அந்த இடம் வெளுத்துத் தெரியும் என்பதுதான் அதன் குறை. லேசர் சிவப்பையும் அரிப்பையும் ஓரளவு குறைக்கும், தனியாக அதை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

பெரிய காதுக் கெலாய்டுக்குச் சில சமயம் அறுவை தேவைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் அறுவையோடு வேறொன்றும் கட்டாயம் சேர வேண்டும். அதே நாளிலோ தையல் பிரித்த உடனேயோ தொடங்கி மாதாமாதம் ஸ்டீராய்டு ஊசி. அல்லது அறுவை முடிந்த ஓரிரு நாளுக்குள் குறைந்த அளவு கதிர்வீச்சு. கதிர்வீச்சு திரும்பி வருவதை நன்றாகவே குறைக்கும் என்றாலும், சின்ன வயதினருக்கும், மார்பகம், தைராய்டு பக்கத்தில் இருக்கும் இடங்களுக்கும் யோசித்துத்தான் கொடுப்போம். காதுக்கு இருக்கும் ஒரு வசதி அழுத்தக் கிளிப். பார்க்கக் கம்மல் மாதிரி இருக்கும், முன்னும் பின்னும் இரண்டு தட்டுகள் காதை இதமாக அழுத்திப் பிடிக்கும். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்குக் குறையாமல் போட வேண்டும். தூங்கும்போது போட்டுக்கொள்வது பலருக்கு வசதி. காது வெளுத்து வலிக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. மேல் காதின் வளைவில் கிளிப் சரியாக உட்காராது, அளவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். யாராவது அறுவை செய்யலாம் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வெட்டிய பிறகு திரும்பி வராமல் இருக்க என்ன செய்வீர்கள்? அதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் கத்தி வைக்க விடாதீர்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். ஸ்டீராய்டு ஊசிக்குத் தனியாரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வீட்டில் செய்யக் கூடாதவை: நூலோ தலைமுடியோ கட்டி அறுந்து விழ வைப்பது, சுண்ணாம்பு வைப்பது, சேங்கொட்டைப் பால் தடவுவது, மருவுக்கு விற்கும் எரிக்கும் மருந்துகளை ஊற்றுவது. சேங்கொட்டைப் பால் பட்டால் நல்ல தோலே வெந்து புண்ணாகும், கெலாய்டு தன்மை உள்ளவருக்கு அது இன்னொரு கெலாய்டுக்கு விதை. வைட்டமின் ஈ எண்ணெய் தடவுவதால் பலன் இல்லை, சிலருக்கு ஒவ்வாமைதான் வரும். வெங்காயச் சாறு சேர்த்த தழும்புக் களிம்புகள் வளர்ந்த கெலாய்டை ஒன்றும் செய்வதில்லை. சிலிக்கான் ஜெல்லும் சிலிக்கான் தாளும் உண்மையில் உதவும். ஆனால் அவை புதுக் காயம் தடிக்காமல் தடுக்கத்தான் நல்லவை, கொட்டைப்பாக்கு அளவு வளர்ந்த மேட்டைக் கரைக்காது. அரிக்கும்போது சொறியாமல், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லுங்கள். சேலத்து வெயிலில் வியர்வையும், காதில் உரசும் துணியும் அரிப்பைக் கூட்டும். ஊசி தொடங்கினால் இந்தக் கஷ்டமே குறைந்துவிடும்.

சின்னவளுக்குக் காது குத்தலாமா? குத்துவதாக இருந்தால் பருவ வயதுக்கு விடாமல் இப்போதே குத்துவதுதான் நல்லது. அப்பாவுக்கும் அக்காவுக்கும் இருப்பதால் அவளுக்கு வராது என்று யாரும் உறுதி தர முடியாது, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். குத்தினால் கீழ் மடலில் ஒரே ஒரு துளை, சுத்தமான புது ஊசி, நிக்கல் கலக்காத கம்மல். ஆசாரியிடம் குத்தினாலும் சரி, டாக்டரிடம் குத்தினாலும் சரி, இந்த மூன்றும் முக்கியம். சீழ் பிடித்தால் நாள் கடத்தாதீர்கள். துளை ஆறிய பிறகும் ஒரு வருடம் வரை மாதம் ஒருமுறை மடலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பாருங்கள். அரிசி அளவு கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலே கம்மலைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள். அந்த அளவில் ஒன்றிரண்டு ஊசியோடு அடக்கிவிட வாய்ப்பு அதிகம். மேல் காது, மூக்கு, தொப்புள் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மூத்தவளுக்கு நெஞ்சிலோ முதுகிலோ பரு வந்தால் கிள்ள விடாதீர்கள், பருவுக்கு உடனே மருந்து எடுக்கச் சொல்லுங்கள். பரு ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு காயம். பின்னாளில் அவளுக்கு எந்த அறுவை நடப்பதாக இருந்தாலும், சிசேரியனாக இருந்தாலும்கூட, தனக்குக் கெலாய்டு வரும் என்பதை அவளே முதலில் சொல்ல வேண்டும். வேண்டிய அறுவையை இதற்குப் பயந்து தள்ளிப்போடக் கூடாது. டாக்டருக்குத் தெரிந்தால் இழுவை குறைவாக விழும்படி வெட்டி, ஆழத்திலேயே தையலைத் தாங்கவைத்து, காயம் மூடியதும் சிலிக்கான் தாளைத் தினமும் 12 மணி நேரத்துக்கு மேல் சில மாதம் ஒட்டிக்கொள்ளச் சொல்வார். தடிக்கத் தொடங்கும் முதல் அறிகுறியிலேயே ஊசி போடலாம். கல்யாணமாகிக் கர்ப்பமானால், அந்த மாதங்களில் இந்தக் காதுக் கெலாய்டு மறுபடி வளரப் பார்க்கும், அப்போது ஊசி மருந்துகளைத் தவிர்ப்போம். அதனால் இப்போது, 19 வயதில், தொடர்ந்து பல மாதம் வந்து இதை முழுக்க அடக்கிவிடுவதுதான் அவளுக்கு வசதியான நேரம். முதல் தடவை வரும்போது வெட்டி எடுத்த இடத்தில் கொடுத்த சீட்டும், சதைப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டும், கெலாய்டு சின்னதாக இருந்தபோது எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் அதுவும் கையோடு கொண்டுவாருங்கள்.